ஸ்கண்டி, பிளாட், கொன்வெக்ஸ்: மரவேலைக் கத்தியின் சரிவை நம்மூர் மரங்களில் ஒப்பிட்டுத் தெரிவது எப்படி

மரம் சீவப் பழகுகிறவர்கள் கத்தியைப் பற்றி முதலில் கேட்பது, "எந்தச் சரிவு நல்லது?" என்றுதான். சரிவு என்பது அலகின் பக்கம் வெட்டுவாயை நோக்கி மெலிந்து இறங்கும் விதம். கடையில் வாங்கிய மோரா என்ற சுவீடன் கத்தி ஒன்று, குசினிக் கத்தி ஒன்று, கொல்லன் அடித்த கைக்கத்தி ஒன்று. மூன்றையும் எடுத்து ஒரு தடியில் நாலு இழுப்பு இழுத்துவிட்டு அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அன்றைக்கு எந்தக் கத்தி தற்செயலாகக் கூராக இருந்ததோ அதுதான் அந்தத் தீர்ப்பில் வெல்கிறது. சரிவுக்கும் அதற்கும் சம்பந்தமே இருப்பதில்லை.

சரிவை ஒப்பிட வேண்டுமானால் முதலில் அளக்க வேண்டும், அடுத்து மூன்றையும் ஒரே கூருக்குக் கொண்டுவர வேண்டும், அதன் பிறகுதான் மரத்தில் வைக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் பார்த்த எதையும் நம்ப முடியாது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கிடைக்கும் மரங்களையும் பொருட்களையும் வைத்தே இதைச் செய்யலாம்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

அலகு 9 முதல் 11 சென்ரிமீற்றர் வரை நீளமுள்ள மூன்று கத்திகளை எடுங்கள். நீளம் ஏறக்குறைய ஒன்றாக இருப்பது முக்கியம். நீளமான கத்தி தன் பாரத்தாலேயே வெட்டும், அந்த உதவியைச் சரிவின் கணக்கில் போட்டுவிடுவீர்கள்.

தீட்டுவதற்கு விலை கூடிய கல் தேவையில்லை. தடித்த கண்ணாடித் துண்டு ஒன்று, நனைத்துத் தேய்க்கும் அரத்தாள் 400, 800, 1500 இலக்கங்களில் ஒவ்வொன்று, பழைய தோல் பெல்ட் ஒன்று, கொஞ்சம் பிராசோ, தேய்ந்த பாட்டாச் செருப்பு ஒன்று. செருப்பு எதற்கென்று நான்காம் பகுதியில் தெரியும். இவற்றோடு மில்லிமீற்றர் அளவுகோலும் மார்க்கர் பேனையும் போதும். வேர்னியர் கலிப்பர் இரவல் கிடைத்தால் மிக நல்லது.

ஏற்பு ஊசி போட்டுப் பல வருடமானவர்கள் அதைப் போட்டுக்கொண்டு தொடங்குங்கள். சீவும்போது கத்தி தொடைக்கு மேலாக ஓடக் கூடாது. தொடையின் உட்பக்கம் பெரிய இரத்தக்குழாய் போகிறது. இரண்டு முழங்கையையும் முழங்காலில் ஊன்றி, முழங்காலுக்கு வெளியே கத்தி போகும்படி உட்காருங்கள். பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்தால், கத்தி எட்டும் தூரத்துக்கு அப்பால் நிற்கச் சொல்லுங்கள்.

2. எது எந்தச் சரிவு என்று அடையாளம் காணுங்கள்

கத்தியை முனை உங்களை நோக்கியிருக்க வெளிச்சத்தில் பிடித்து, அலகின் பக்கத்தில் ஒளி எங்கே உடைகிறது என்று பாருங்கள்.

அலகின் மேற்பகுதி தட்டையாக வந்து, வெட்டுவாயிலிருந்து ஆறு ஏழு மில்லிமீற்றர் உயரத்தில் ஒரு கோடு உடைந்து, அங்கிருந்து வாய் வரை ஒரே சமமான சரிவாக இறங்கினால் அது ஸ்கண்டி. வாயோரத்தில் வேறு சிறு சரிவு இருக்காது.

முதுகிலிருந்தே மெலிந்துகொண்டு வந்து, வாயோரம் மட்டும் நூல் அளவுக்கு இன்னொரு சரிவு தெரிந்தால் அது ஃபுல் பிளாட். பெரும்பாலான குசினிக் கத்திகள் இந்த இனம்.

ஒளி எங்கேயும் உடையாமல் பக்கம் முழுக்க வழுக்கிக்கொண்டு போனால் கொன்வெக்ஸ். குறுக்குவெட்டில் நெல்மணியின் நுனிபோல இருபுறமும் புடைத்திருக்கும். நம்முடைய கோடரிகளும், வேலி வெட்டித் தேய்ந்த காட்டுக்கத்திகளும் இந்த வடிவத்தில்தான் இருக்கின்றன. கொல்லன் அப்படித்தான் அடித்தான் என்றில்லை. கையால் பல வருடம் தீட்டினால் கத்தி தானாகவே புடைத்துவிடும்.

பக்கம் உட்குழிந்திருந்தால் ஹொலோ. சவரக் கத்திக்கு உயிரே அந்தக் குழிவுதான். மரத்துக்கு அது வேண்டாம். வாய் மிக மெல்லியதாக இருப்பதால் கணுவில் உடையும், குழிவு முடியும் இடத்தில் தடிப்பு திடீரென்று கூடுவதால் ஆழமாகவும் இறங்காது. இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்கவில்லை.

ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் மட்டும் சரிவு என்றால் உளிச் சரிவு. தட்டையான பக்கத்தை நோக்கிக் கத்தி இழுக்கும். வலக்கைக்காரருக்கு வலப்பக்கம் சரிவும், இடக்கைக்காரருக்கு இடப்பக்கம் சரிவும் இருந்தால்தான் தட்டைப் பக்கம் மரத்தில் படியும். கைமாறி வாங்கினால் எவ்வளவு தீட்டினாலும் ஒத்துவராது.

3. அளவெடுங்கள்

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். "என்னுடையது ஸ்கண்டி" என்று சொல்வதில் தகவல் அதிகமில்லை. இரண்டு ஸ்கண்டிக்குள்ளேயே பெரிய வித்தியாசம் இருக்கலாம்.

கோணமானி தேவையில்லை. அலகின் தடிப்பில் பாதியை எடுத்து, சரிவின் அகலத்தால் வகுத்து, 57ஆல் பெருக்கினால் ஒரு பக்கக் கோணம் பாகையில் வரும். சிறிய கோணங்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும். தடிப்பு 2.5 மில்லிமீற்றர், சரிவின் அகலம் 6 மில்லிமீற்றர் என்றால், 1.25ஐ 6ஆல் வகுத்து 57ஆல் பெருக்க ஏறக்குறைய 12. இரு பக்கமும் சேர்த்து 24 பாகை. மரம் சீவும் ஸ்கண்டிக்கு 20 முதல் 26 வரை நல்ல அளவு.

ஃபுல் பிளாட்டில் இரண்டு அளவு வேண்டும். முதுகு 2 மில்லிமீற்றர், அலகின் அகலம் 25 மில்லிமீற்றர் என்றால் உடம்பின் கோணம் ஒரு பக்கம் 2.3 பாகைதான். அவ்வளவு ஒடுங்கிய ஆப்பு என்பதால்தான் அது பூசணிக்காயில் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. இரண்டாவது அளவு, வாயோரச் சிறு சரிவு தொடங்கும் இடத்தில் அலகின் தடிப்பு. அங்கே 0.3 முதல் 0.6 மில்லிமீற்றர் வரை இருந்தால் நன்றாகச் சீவும். 0.8ஐத் தாண்டினால் என்ன கூர் வைத்தாலும் மரத்தில் முக்கும். கடைக் கத்தி சரியில்லை என்று வருகிற முறைப்பாடுகளில் பல இந்த இடத்துத் தடிப்பில்தான் போய் முடிகின்றன.

கொன்வெக்ஸுக்கு ஒரே கோணம் கிடையாது. வாயிலிருந்து 1 மில்லிமீற்றர் மேலே ஒரு தடிப்பும், 5 மில்லிமீற்றர் மேலே ஒரு தடிப்பும் எடுங்கள். 1 மில்லிமீற்றரில் தடிப்பு 0.6 என்றால், அதே கணக்கில் ஒரு பக்கம் 17 பாகை, மொத்தம் 34. இது வேலிக்கும் விறகுக்கும் நல்ல வாய், நுணுக்கமாகச் சீவுவதற்கு மொத்தையான வாய்.

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள். பிறகு கத்திகளைத் தீட்டத் தீட்ட இந்த எண்கள் மாறும், மாறியதால் என்ன நடந்தது என்று ஒப்பிட முதல் அளவு வேண்டும்.

4. மூன்றையும் ஒரே கூருக்குக் கொண்டுவாருங்கள்

வேலையின் பெரும்பகுதி இதுதான். அவசரப்பட வேண்டாம்.

வெட்டுவாயை ஒட்டிய சரிவு முழுவதிலும் மார்க்கரால் பூசுங்கள். கண்ணாடியில் நனைத்த 400 அரத்தாளை ஒட்டி, கத்தியை இரண்டு தரம் மட்டும் இழுத்துவிட்டுத் திருப்பிப் பாருங்கள். மை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் உலோகம் தேய்கிறது. வாயோரத்தில் மை அப்படியே நின்றால், நீங்கள் ஒரு மணித்தியாலம் தேய்த்தாலும் கத்தி மொட்டையாகவே இருக்கும். புதியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியில் வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருப்பார், அலகின் பக்கம் பளபளவென்று மின்னும், வாயில் அரைமில்லி அகலத்துக்குக் கறுப்பு மை அழியாமல் கிடக்கும். மையைப் பூசிப் பார்த்தால் இரண்டாவது இழுப்பிலேயே தெரிந்துவிடும்.

ஸ்கண்டிக்குச் சரிவு முழுவதையும் தாளில் படியவைத்து, விரலால் சரிவின் மேலேயே அழுத்துங்கள். முதுகைத் தூக்கக் கூடாது. தூக்கினால் விரைவில் கூர் வந்ததுபோலத் தோன்றும், ஆனால் வாயில் புதிதாக ஒரு சரிவு உருவாகி, ஸ்கண்டியின் தன்மையே போய்விடும். நேரம் எடுக்கிறதே என்று அலுத்துப்போய்த்தான் அநேகர் தூக்குகிறார்கள். சரிவு அகலமானது, அதனால் தேய்க்க வேண்டிய இரும்பும் அதிகம்.

ஃபுல் பிளாட்டுக்கு முதுகைத் தூக்கியே பிடிக்க வேண்டும். அலகு 20 மில்லிமீற்றர் அகலம் என்றால், முதுகு தாளிலிருந்து 5 மில்லிமீற்றர் உயர்ந்தால் 15 பாகை, 7 மில்லிமீற்றர் உயர்ந்தால் ஏறக்குறைய 20 பாகை. அந்த உயரத்துக்கு ஒரு மரத்துண்டைச் செதுக்கி முதுகுக்குக் கீழே வைத்துத் தொடங்கினால் கைக்கு உயரம் பழகும்.

கொன்வெக்ஸுக்குத்தான் அந்தப் பாட்டாச் செருப்பு. அதன் இறப்பர் அடியில் அரத்தாளைச் சுற்றி, கத்தியை முதுகு முன்னே போக, வாய் பின்னால் இழுபடும்படி இழுங்கள். இறப்பர் சற்று அமுங்கி, தாள் அலகின் புடைப்போடு வளைந்து தொடும். வாயை முன்னே தள்ளினால் தாளை வெட்டும், வாயும் மழுங்கும். அழுத்தமும் கூடக் கூடாது. இறப்பர் அதிகம் அமுங்கினால் தாள் வாயைச் சுற்றி மேலெழுந்து கூரைத் தின்றுவிடும்.

மூன்றிலும் எப்போது பக்கம் மாற்றுவது? மறுபக்கத்தில் பிசிறு, அதாவது தேய்ந்த இரும்பு வாயோரத்தில் மெல்லிய ஓரமாக மடிவது, எழுந்த பிறகுதான். பெருவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கி வெளியே வழுக்கிப் பார்த்தால் மெல்லியதாகத் தடுக்கும். வாயின் நீளத்துக்கு விரலை ஓட்டிப் பார்க்காதீர்கள், வெட்டும். பிசிறு அடியிலிருந்து முனைவரை தொடர்ச்சியாக இருக்க வேண்டும். முனையருகில் இல்லையென்றால் அங்கே இன்னும் தேய்க்க வேண்டும். இரு பக்கமும் எழுந்த பிறகு 800, பிறகு 1500, கடைசியில் பிராசோ தடவிய பெல்ட்டில் வாய் பின்னே வர இழுத்துப் பிசிறை விழுத்துங்கள். பெல்ட்டை ஒரு பலகையில் ஒட்டிவிட்டால் நல்லது. காற்றில் தொங்கும் பெல்ட் ஸ்கண்டியின் வாயை உருட்டிவிடும்.

இனிப் பரீட்சை. பழைய பத்திரிகைத் தாள் ஒன்றை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மூன்று கத்தியாலும் வெட்டுங்கள். மூன்றும் கிழிக்காமல் ஒரே சத்தத்தோடு வெட்ட வேண்டும். ஒன்று கிழித்தாலும் அதை மறுபடி தீட்டுங்கள். மூன்றும் தேறும்வரை மரத்தைத் தொடாதீர்கள்.

மின்சாணைக் கல்லில் காய்ந்தபடி பிடிப்பிக்க வேண்டாம். வாய் நீலம் பாய்ந்தால் அந்த இடம் ஏறக்குறைய 300 பாகை செல்சியஸ் சூடேறிவிட்டது என்று பொருள். கத்தியைச் சூடாக்கி ஆற்றிக் கொடுத்த பதம், அதாவது கடினம், அங்கே போய்விடும், அதன்பின் கூர் நிற்காது. அப்படி நீலம் பட்ட கத்தியை ஒப்பீட்டில் சேர்த்தால் குற்றம் சரிவின்மேல் விழும்.

5. மரத்தைத் தெரியுங்கள்

இரண்டு வகை வேண்டும். ஒன்று பச்சையாக வெட்டிய மென்மையான தடி, மற்றது நன்றாகக் காய்ந்த வைரம் பாய்ந்த கட்டை.

பச்சைக்கு வேலிக் கிளிசரியாக் கதியால் நல்லது. கணு குறைவாக நேராக வளரும், வெட்டினாலும் மீண்டும் தளிர்க்கும். ஆனால் அதில் அகப்பைக் காம்போ கரண்டியோ செய்யாதீர்கள். எலிக்கு நஞ்சு வைக்கப் பயன்பட்ட மரம் அது. சமையல் சாமானுக்குப் பூவரசு பிடியுங்கள். கரையோரம் எங்கும் கிடைக்கும், இழையோட்டம் நெருக்கமானது, சீவியபின் முகம் வழவழப்பாக வரும்.

காய்ந்த கட்டைக்கு மரக்காலையிலோ தச்சுப் பட்டறையிலோ முதிரை, வேம்புத் துண்டுகள் கேளுங்கள். பாலை கிடைத்தால் அதையும் ஒரு தரம் முயன்று பாருங்கள். தண்ணீரில் போட்டால் தாழும் மரம் அது, எந்த வாயையும் சோதிக்கும். காட்டுக்குள் போய் வெட்ட வேண்டாம், வாவியோரக் கண்டல் மரங்களிலும் கை வைக்க வேண்டாம். வளவில் நிற்கும் பலாவை வெட்டுவதற்கே அனுமதி வேண்டும்.

ஒரே தடியை மூன்று துண்டாக்கி மூன்று கத்திக்கும் கொடுங்கள். வேறு வேறு தடி எடுத்தால் மரத்தைத்தான் ஒப்பிடுவீர்கள்.

6. சோதனைகள்: மெல்லியதிலிருந்து கடினமானதுக்கு

வரிசை இங்கே மிக முக்கியம். அடித்துப் பிளப்பதை முதலில் செய்தால் வாய் பழுதாகும், பிறகு சீவும் சோதனைக்கு மூன்றும் சமமாக இருக்காது.

முதலில் நீள் சீவல். காய்ந்த வேப்பந்தடியில் ஒரு சாண் நீளத்துக்குச் சீவி, சீவல் சுருண்டு தடியிலேயே நிற்க வேண்டும். மாரியில் விறகெல்லாம் நனைந்து கிடக்கும்போது உட்கட்டையை இப்படிச் சுருளாகச் சீவித்தான் நெருப்பு மூட்ட வேண்டியிருக்கும், ஆகவே இது வெறும் விளையாட்டுச் சோதனை அல்ல. மணிக்கட்டைப் பூட்டிக்கொண்டு தோளிலிருந்து தள்ளுங்கள். ஸ்கண்டி தன் அகன்ற சரிவை மரத்தில் படியவைத்துக்கொண்டு, சீவுளி ஓடுவதுபோல நேராக ஓடும். ஃபுல் பிளாட்டில் படிவதற்கு அந்த நூல் அளவு சரிவுதான் உண்டு, கோணத்தை உங்கள் கைதான் காக்க வேண்டும். அதனால் முதல் சில சீவல்கள் அறுந்து விழும். கொன்வெக்ஸ் எந்தக் கோணத்தில் கடிக்கத் தொடங்கும் என்று கண்ணுக்குத் தெரியாது. கத்தியைச் சற்று நிமிர்த்தினால்தான் பிடிக்கும். ஆனால் பிடித்தபின் சீவலின் தடிப்பை நடுவழியிலேயே கூட்டிக் குறைக்கலாம். பழகிய கைகள் கொன்வெக்ஸை விரும்புவது இதனால்தான்.

இரண்டாவது, வெட்டுப்பள்ளம். பச்சைத் தடியில் குறுக்கே ஆழமாக ஒரு வெட்டு, அதை நோக்கிச் சரிவாக இன்னொரு வெட்டு. கேத்தல் தொங்கவிடும் கொக்கிக்கு இந்தப் பள்ளம்தான் வேண்டும். பள்ளத்தின் சுவரை நகத்தால் தடவிப் பாருங்கள். ஸ்கண்டியின் சுவர் தட்டையாக இருக்கும். கொன்வெக்ஸ் சற்றுக் கிண்ணமாக விடும். குறுக்கு வெட்டில் ஆழமாக இறங்குவது பிளாட்தான். ஸ்கண்டி தன் முழுத் தடிப்பையும் ஆறேழு மில்லிமீற்றருக்குள் மரத்துக்குள் நுழைக்க வேண்டியிருப்பதால் அங்கே முக்கும்.

மூன்றாவது, கணு. முதிரைத் துண்டில் கணுவைச் சுற்றிச் சீவுங்கள், நெம்ப வேண்டாம். ஒவ்வொரு கத்தியையும் முடித்தவுடன் வாயை மேல்நோக்கி விளக்கடியில் பிடியுங்கள். கூரான வாய் ஒளியைக் காட்டாது. பளிச்சென்று புள்ளி தெரிந்தால் அங்கே உருண்டிருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. 20 பாகை ஸ்கண்டி பெரும்பாலும் இங்கேதான் அடிபடும்.

ஒரு எச்சரிக்கை. லொறி வில்தகட்டில் அடித்த கத்தியும் சுவீடன் இரும்பு மோராவும் வேறு வேறு இரும்பு, வேறு வேறு பதம். எந்தக் கத்தியின் கூர் நீண்டநேரம் நின்றது என்பதை வைத்துச் சரிவுக்குப் புள்ளி போட முடியாது. மரத்துக்குள் எப்படி நுழைகிறது, எந்தப் பக்கம் இழுக்கிறது, எவ்வளவு முக்குகிறது என்ற மூன்றும்தான் பெரும்பாலும் சரிவின் வேலை. கூர் நிற்பதையும் ஒப்பிட விரும்பினால், கொல்லனிடம் ஒரே தகட்டில் மூன்று அலகு அடிப்பித்து, ஒரே பதம் கொடுக்கச் சொல்லுங்கள்.

நான்காவது, பொல்லால் அடித்துப் பிளத்தல். நேரான இழையுள்ள, அலகின் நீளத்தைவிட மூன்று சென்ரிமீற்றராவது மெலிந்த கட்டையை மட்டும் எடுங்கள். குசினிக் கத்தியையும் மடக்குக் கத்தியையும் இதில் இறக்காதீர்கள். தடித்த கொன்வெக்ஸ் மரத்தைப் பக்கமாகத் தள்ளிப் பிளந்து, சிக்காமல் வெளியே வரும். ஸ்கண்டியும் ஆப்பாக நன்றாகவே வேலை செய்யும். மெல்லிய பிளாட் இருந்தால் உள்ளே போய் இறுகி நிற்கும், அதை ஆட்டி எடுக்கும்போதுதான் அலகு வளைகிறது.

கடைசியில் கத்திகளைக் கழுவி, வெங்காயமும் பூசணியும் வெட்டிப் பாருங்கள். ஸ்கண்டி பூசணியை வெட்டாது, வெடிக்க வைக்கும். வயல் வாடியில் ஒரே கத்தியோடு நாட்கணக்கில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

7. எந்த வேலைக்கு எது

சீவப் பழகுகிறவருக்கு 2.5 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஸ்கண்டியைத்தான் சொல்வேன். அது கைக்குக் கோணம் சொல்லிக்கொடுக்கும். கையும் கோணமும் பழகிய பிறகு மற்றவற்றுக்குப் போகலாம்.

கதியால் வெட்ட, அலம்பல் கழிக்க, சேனையில் பற்றை வெட்ட கொன்வெக்ஸ் தவிர வேறொன்றையும் எடுக்க வேண்டாம். ஓங்கி வெட்டும்போது வாய்க்குப் பின்னால் சதை வேண்டும்.

ஒரே கத்திதான் வைத்திருக்க முடியும் என்பவருக்கு, 2.5 முதல் 3 மில்லிமீற்றர் முதுகுள்ள ஃபுல் பிளாட். வாயோரச் சிறு சரிவை மட்டும் செருப்பில் சுற்றிய அரத்தாளால் மெல்லப் புடைக்க வையுங்கள். சமையலுக்கும் வரும், சீவலுக்கும் வரும், கணுவிலும் ஓரளவு தாங்கும்.

8. ஸ்கண்டி உடைகிறதென்றால்

முதிரையிலும் பாலையிலும் ஸ்கண்டியின் வாய் உருண்டால் கத்தியை மாற்ற வேண்டியதில்லை. 1500 தாளில் முதுகைச் சற்றுத் தூக்கி, ஒரு பக்கம் ஏறக்குறைய 15 பாகை வரும்படி, பக்கத்துக்கு மூன்று நாலு இழுப்பு அழுத்தாமல் இழுங்கள். கண்ணுக்கு அரிதாகத் தெரியும் ஒரு நுண்சரிவு விழும். சீவும்போது படிகிற அகன்ற சரிவு அப்படியே இருக்கும், வாய் மட்டும் உறுதிப்படும். அடுத்த முறை முழுத் தீட்டல் செய்யும்போது அந்த நுண்சரிவு முற்றாக மறையும்வரை தேய்த்துவிட்டுப் புதிதாக இடுங்கள். மறையாமல் மேலே மேலே இட்டுக்கொண்டு போனால், சில மாதத்தில் கையில் இருப்பது ஸ்கண்டியாக இருக்காது.

9. உப்புக்காற்றுக்கு

கரையோரத்தில் கார்பன் இரும்பு ஓர் இரவிலேயே துருப்பிடிக்கும். மாங்காய்ப் பாலும் புளியும் பட்டால் இன்னும் வேகம். வேலை முடிந்ததும் துடைத்து, தேங்காயெண்ணெய் ஒரு துளி பூசுங்கள். மாரி மாதங்களில் தோல் உறைக்குள் கத்தியை வைத்துவிட்டுப் போகாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கத்தியைக் காய்ந்த துணியில் சுற்றி, உறையைத் தனியாகக் காற்றில் தொங்கவிடுங்கள்.